வெளிச்சத்த தடுக்குற ப்ரொஜெக்டர் ஸ்கிரீன்: சைட்ல உக்காந்தா எப்படி தெரியும்? அடிக்கடி கேக்குற கேள்விகள்

கோலாலம்பூர், கிள்ளான், காஜாங் பக்கம் வீட்டு ஹால்ல ப்ரொஜெக்டரும் ஏஎல்ஆர் (ஆம்பியன்ட் லைட் ரிஜெக்டிங், அதாவது ஹால் வெளிச்சத்த ஒதுக்குற) ஸ்கிரீனும் போடப் போறவங்க எங்கிட்ட கேக்குற சந்தேகமெல்லாம் சுத்தி சுத்தி ஒரே எடத்துலதான் வந்து நிக்குது. நடுவுல உக்காந்தா படம் சூப்பரா இருக்கு, ஓரத்துல உக்காந்தவங்களுக்கு மட்டும் டல்லடிக்குது, ஏன்? ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றத விட இங்க மொத்தமா எழுதிட்டேன். கேள்விய அவங்கவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன். மேல இருந்து வரிசையா படிங்க, முன்னாடி சொன்னத பின்னாடி திரும்ப சொல்ல மாட்டேன்.

ஏஎல்ஆர் ஸ்கிரீன்னா என்ன அண்ணே? வெள்ளை ஸ்கிரீன் போதாதா?

ப்ரொஜெக்டரால கறுப்ப அடிக்க முடியாது, அதுக்கு வெளிச்சம் அடிக்க மட்டும்தான் தெரியும். அதனால படத்துல கறுப்பா இருக்க வேண்டிய எடமெல்லாம், ஹால் வெளிச்சத்துல ஸ்கிரீன் சும்மா எந்த கலர்ல தெரியுதோ அந்த கலர்லதான் தெரியும். வெள்ளை ஸ்கிரீன் எந்தப் பக்கத்து வெளிச்சமா இருந்தாலும் வாங்கி எல்லா பக்கமும் ஒரே மாதிரி பரப்பி விட்டுரும், பகல்ல ராத்திரி சீன் ஓடுனா சாம்பல் பூத்த மாதிரி இருக்குறதுக்கு அதான் காரணம்.

ஏஎல்ஆர் ஸ்கிரீன் வெளிச்சம் எந்த திசையில இருந்து வருதுன்னு பாத்து வேலை செய்யும். ப்ரொஜெக்டர் இருக்குற திசையில இருந்து வந்தா உங்க பக்கம் அனுப்பும், வேற திசையில இருந்து வந்தா உறிஞ்சும், இல்லன்னா நீங்க உக்காராத பக்கமா தள்ளி விடும். திசைய வச்சு பிரிக்கிற சாமான்ங்கறதால உங்களுக்கும் ஒரு திசை வேணும்னு அது கேக்கும். வியூவிங் ஆங்கிள், அதாவது எவ்வளவு சைட்ல தள்ளி உக்காந்தா படம் ஒழுங்கா தெரியும்ங்கற பிரச்சனை மொத்தமும் இங்கதான் ஆரம்பிக்குது.

புதுசா மாட்டுனேன், சைட்ல உக்காந்தா டல்லா தெரியுது, ஸ்கிரீன் ரிஜெக்ட் பீஸா?

பெரும்பாலும் இல்ல, அது அப்படித்தான் இருக்கும். ப்ரொஜெக்டர்ல இருந்து வர்ற வெளிச்சம் ஒரு அளவுதான், ஸ்கிரீன் புதுசா வெளிச்சத்த உண்டாக்காது. நடுவுல இருக்குறவங்களுக்கு கூடுதலா குடுக்கணும்னா ஓரத்துல இருக்குறவங்க பங்குல இருந்துதான் எடுத்துக் குடுக்கணும். கடைக்காரங்க டெமோ காட்டும்போது உங்கள நடு சோஃபாவுல உக்கார வச்சு காட்டுறதால இது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியுது. நம்ம வீடுகள்ல தாத்தா பாட்டி நாற்காலி முக்கால்வாசி ஓரமாத்தான் கிடக்கும், அதான் எனக்கு இதுல இவ்வளவு அக்கறை. நாள் பூரா டிவி பாக்குறவங்க அவங்கதான், மோசமான படமும் அவங்களுக்குத்தான் போய் சேருது.

கெயின் 0.6, 0.8, 1.2ன்னு போட்டிருக்கே, பெரிய நம்பர் வாங்குனா நல்லதுதானே?

எல்லா பக்கமும் சமமா வெளிச்சத்த பரப்புற ஒரு வெள்ளைப் பலகைய 1.0ன்னு வச்சுக்கிட்டு, அதோட ஒப்பிட்டா நேரா நடுவுல இருந்து பாக்கும்போது உங்க ஸ்கிரீன் எவ்வளவு பளிச்சுன்னு இருக்குங்கறதுதான் கெயின். நல்லா கவனிங்க, நடுவுல இருந்து பாக்கும்போது. ஓரத்துல என்ன நடக்குதுன்னு அந்த நம்பர் ஒண்ணும் சொல்லாது.

பொதுவா கெயின் கூட கூட ஆங்கிள் குறையும். 1.2 கெயின் ஸ்கிரீன் ஒண்ணு 45 டிகிரில பாதியா இறங்குதுன்னு வைங்க, அப்ப அங்க உக்காந்திருக்கறவருக்கு அது 0.6 ஸ்கிரீன்தான். நடுவுலயே 0.6 தான்னு நேர்மையா போட்டுட்டு சைட்லயும் கிட்டத்தட்ட அதே 0.6 குடுக்குற ஸ்கிரீனும் இருக்கு. பேப்பர்ல பாத்தா முதல் சாமான் ரெண்டு மடங்கு, அந்த ஓர நாற்காலியில ரெண்டும் ஒண்ணுதான்.

பெட்டில 160 டிகிரின்னு போட்டிருக்கான், நம்பலாமா?

எதை வச்சு அளந்தான்னு கேளுங்க. ஒழுங்கா சொல்றவங்க ஹாஃப் கெயின் ஆங்கிள்னு போடுவாங்க, அதாவது நடுவுல இருக்குற வெளிச்சம் எந்த டிகிரில பாதியா குறையுதோ அது. ரெண்டாவது, அந்த நம்பர் ரெண்டு பக்கமும் சேத்தா, இல்ல ஒரு பக்கம் மட்டுமா? 90 டிகிரின்னா பெரும்பாலும் நடுவுல இருந்து இந்தப் பக்கம் 45, அந்தப் பக்கம் 45. இது தெரியாம 90ன்னு பாத்துட்டு சுவர ஒட்டி உக்காந்தாலும் தெரியும்னு நினைச்சு வாங்கிட்டு வர்றாங்க. எப்படி அளந்தோம்னு எதுவுமே எழுதாம வெறும் 160, 170ன்னு போட்டிருந்தா, அந்த ஆங்கிள்லயும் படம்னு ஒண்ணு தெரியுதுங்கறதத் தவிர வேற எதையும் அதுல இருந்து எடுத்துக்க முடியாது.

பாதி வெளிச்சம்னு கேட்டு பயப்படவும் வேணாம். நம்ம கண்ணு அப்படி கணக்கு போடாது, வெளிச்சம் பாதியானா கண்ணுக்கு முக்கால்வாசி மாதிரிதான் தெரியும். இருட்டு ஹால்ல பாதி கெயின் ஆங்கிள்ல உக்காந்து படம் பாக்குறது நிறைய பேருக்கு ஒரு குறையாவே படாது.

எங்க வீட்டு சோஃபா எத்தனை டிகிரில இருக்குன்னு எப்படி தெரிஞ்சிக்கிறது?

டேப் மட்டும் போதும். ஸ்கிரீன் நடுவுல இருந்து நேரா ஹாலுக்குள்ள ஒரு கோடு நினைச்சுக்குங்க. நீங்க உக்காருற எடம் ஸ்கிரீன்ல இருந்து எவ்வளவு தூரம், அந்த கோட்டுல இருந்து சைட்ல எவ்வளவு தள்ளி இருக்குன்னு ரெண்டையும் அளங்க. ரெண்டும் ஒரே அளவுன்னா 45 டிகிரி. சைட் தூரம் நேர் தூரத்துல பாதின்னா ஏறக்குறைய 27 டிகிரி. நேர் தூரத்த தாண்டி சைட் தூரம் போயிருச்சுன்னா அந்த சீட்ட ஏஎல்ஆர் ஸ்கிரீனோட கணக்குல சேக்காதீங்க. ஸ்கிரீன் விலைய கேக்குறதுக்கு முன்னாடியே இந்த அளவ எடுத்துருங்க, எல்லா சீட்டுக்கும், தினமும் யாரு எங்க உக்காருறாங்கன்னு பேரு போட்டு.

நான் நட்ட நடுவுலதான் உக்காருறேன், அப்பவும் நடுவுல பளிச்சுன்னும் ஓரம் இருட்டாவும் தெரியுது, ஏன்?

இதத்தான் ஹாட்ஸ்பாட்ங்கறாங்க, காரணம் ப்ரொஜெக்டர் ரொம்ப கிட்ட இருக்குறது. சீலிங்ல மாட்டுற சாதா ப்ரொஜெக்டருக்கு வர்ற ஏஎல்ஆர் ஸ்கிரீன்ல பெரும்பாலானது கண்ணாடி மாதிரி, வந்த கோணத்துலயே எதிர்ப்பக்கம் திருப்பி விடும், கூட கொஞ்சம் பரப்பும். 100 இஞ்ச்ங்கறது மூலைக்கு மூலை அளவு, அந்த ஸ்கிரீன் 2.2 மீட்டர் அகலம். ப்ரொஜெக்டர் 3.3 மீட்டர்ல இருந்தா வலது ஓரத்துல போய் விழுற வெளிச்சம் 18 டிகிரி வெளிப்பக்கமா சாஞ்சு வருது, திரும்பும்போதும் வெளிப்பக்கமாவே போகுது. நீங்க 3 மீட்டர் தள்ளி நடுவுல உக்காந்திருக்கீங்க, அந்த ஓரத்துல இருந்து பாத்தா நீங்க 20 டிகிரி உள்பக்கம். ரெண்டையும் கூட்டுங்க, 38 டிகிரி. நடுவுல உக்காந்திருக்குற உங்களுக்கே ஸ்கிரீனோட ஓரம் 38 டிகிரில தெரியுது.

அதே கணக்க 1.5 மீட்டர் சைட்ல உக்காந்தவருக்கு போட்டுப் பாருங்க. அவருக்கு கிட்ட இருக்குற ஓரம் வெறும் 11 டிகிரி விலகல்ல இருக்கும், எதிர் ஓரம் 59 டிகிரிக்கு போயிரும். ஒரே படத்துல ஒரு பக்கம் பளிச்சுன்னும் மறு பக்கம் மங்கலாவும் தெரியும். மொத்த படமும் சமமா மங்குனா கண்ணு பழகிக்கும், ஒரு பக்கம் மட்டும் மங்குனா பழகாது, அதனால சைட்ல இருக்குறவங்க குறை சொல்றது பெரும்பாலும் இதத்தான். தயாரிப்பாளருங்க ஸ்கிரீன் அகலத்துல ஒன்றரை மடங்காவது தள்ளி ப்ரொஜெக்டர் வைக்கணும்னு சொல்றது இதுக்குத்தான், அத குறைஞ்சபட்சம்னு எடுத்துக்குங்க. இன்னும் பின்னாடி போக எடம் இருந்தா போங்க. நம்ம ஹால்ல அதுக்கு குறுக்க நிக்கிறது சீலிங் ஃபேன்தான், ஃபேன் றெக்கை வீச்சு படத்த வெட்டாத எடமா பாத்து மாட்டணும்.

அப்ப 120 இஞ்ச் போகலாமா, 100 போதுமா?

ஆங்கிள் உங்களுக்கு பிரச்சனைன்னா பெருசா போகப் போக மோசமாத்தான் ஆகும். அகலம் 2.66 மீட்டர் ஆயிரும், ஓரங்க இன்னும் வெளிய தள்ளிப் போகும், அதே ப்ரொஜெக்டர் வெளிச்சம் 1.44 மடங்கு பெரிய பரப்புல விழுறதால 30 சதவீதம் மங்கும். ஹால் சின்னதுன்னா 100தான் என் சிபாரிசு.

நம்ம லிங்க் ஹவுஸ், கொண்டோவுக்கெல்லாம் எது சரிப்படும்? ஸ்லைடிங் டோர் சைட்ல இருக்கே?

இதுதான் இங்க இருக்குறதுலயே முக்கியமான கேள்வி, வெளிநாட்டு வீடியோவ பாத்து வாங்குறவங்க தப்பு பண்றதும் இங்கதான். அந்த வீடியோவுல பாதி சீலிங் லைட்ட போட்டு அணைச்சு காட்டுறதுதான். நம்ம 20 அடி, 22 அடி அகல லிங்க் ஹவுஸ்ல (வரிசை வீட்ல) டிவி சுவரு பக்கத்து வீட்டோட ஒட்டுன நீள சுவரு, வெளிச்சம் கார் போர்ச் பக்கம் ஸ்லைடிங் டோர் வழியா வருது. கொண்டோவுலயும் அதே கதை, பால்கனி கண்ணாடி ஸ்கிரீனுக்கு சைட்லதான் இருக்கும். அதாவது பகல்ல பெரிய வெளிச்சம் சைட்ல இருந்து வருது, ஆளுங்களும் சைட்ல உக்காருறாங்க. சைட் வெளிச்சத்த ஒதுக்குற ஸ்கிரீன் சைட் ஆளையும் கொஞ்சம் ஒதுக்கத்தான் செய்யும், சைட் ஆள நல்லா கவனிக்கிற ஸ்கிரீன் சைட் வெளிச்சத்தையும் உள்ள விடும். ரெண்டும் முழுசா வேணும்னா கிடைக்காது.

இதுல செலவில்லாத ஒரு வழி இருக்கு, எல் ஷேப் சோஃபாவோட நீண்டு வர்ற கை எந்தப் பக்கம்ங்கறது. கண்ணாடிக் கதவு இடது பக்கம்னா அந்த வெளிச்சம் ஸ்கிரீன்ல பட்டு வலது பக்கமாத்தான் திரும்பிப் போகும். வலது ஓரத்துல உக்காந்திருக்கறவருக்கு படமும் மங்கல், அதுக்கு மேல கதவோட வெளிச்சமும் ஏறிக்கிட்டு இருக்கும். இடது ஓரத்துல, கதவுக்கு கிட்ட, முதுக கதவு பக்கம் வச்சு உக்காந்தவருக்கு படம் மங்கல் மட்டும்தான். அதனால சோஃபாவோட கைய கதவு பக்கம் திருப்பிப் போடுங்க, பாட்டி நாற்காலியும் அந்தப் பக்கமே இருக்கட்டும்.

அல்ட்ரா ஷார்ட் த்ரோ வாங்கிட்டேன், லெண்டிகுலரா ஃபிரெனலா?

ரெண்டும் ஏஎல்ஆர் ஸ்கிரீன் வகைங்க, பெரும்பாலும் அல்ட்ரா ஷார்ட் த்ரோவுக்கு, அதாவது சுவருக்கு கிட்ட கீழ வச்சு மேல அடிக்கிற ப்ரொஜெக்டருக்கு வர்றது. லெண்டிகுலர்ல படுக்கை வசமா கண்ணுக்குத் தெரியாத ரம்பப் பல் மாதிரி மேடுங்க வரிசையா இருக்கும். ஒவ்வொரு மேட்டோட கீழ்ப்பக்கம் ப்ரொஜெக்டர் வெளிச்சத்த வாங்கி உங்க பக்கம் திருப்பும், மேல்பக்கம் கறுப்பு, சீலிங் வெளிச்சத்த முழுங்கிரும். மேடு படுக்கையா போறதால இடது வலது ஆங்கிள் தாராளம், கெயின்தான் 0.6 மாதிரி கம்மி. ஆனா கண்ணாடிக் கதவுல இருந்து சைட்ல வர்ற வெளிச்சத்த இது பெருசா தடுக்காது, அந்தப் பக்கம் தடுக்க அதுல ஒண்ணும் இல்ல.

ஃபிரெனல்ல அதே மேடு வட்ட வட்டமா ப்ரொஜெக்டர் லென்ஸ சுத்தி வளைஞ்சு போகும், எல்லா எடத்து வெளிச்சமும் நடு சோஃபாவ பாத்து வரும். பளிச்சுன்னு இருக்கும், சைட் வெளிச்சத்தையும் ஓரளவு ஒதுக்கும், ஆங்கிள் குறுகல், ப்ரொஜெக்டர் வைக்கிற எடமும் கரெக்டா இருக்கணும். மூணு பேர் உக்காருற சோஃபா ஒண்ணுதான், எல்லாரும் நேரா உக்காருவோம்னா ஃபிரெனல். குடும்பமே ஹால் முழுக்க பரவி உக்காரும்னா லெண்டிகுலர் வாங்கிட்டு கண்ணாடிக் கதவுக்கு தடிமனா கர்ட்டன் போடுங்க. நான் அதிகமா சொல்றது ரெண்டாவது, ஏன்னா கர்ட்டன பிறகு மாத்தலாம், ஆங்கிள மாத்த முடியாது.

எங்கிட்ட சீலிங்ல மாட்டுன சாதா ப்ரொஜெக்டர் இருக்கு, மலிவா ஒரு லெண்டிகுலர் ஸ்கிரீன் கிடைக்குது, எடுக்கலாமா?

எடுக்காதீங்க. மேல சொன்ன கறுப்புப் பக்கம் சீலிங்க பாத்துத்தான் இருக்கு, உங்க ப்ரொஜெக்டரும் சீலிங்லதான் இருக்கு. அது உங்க படத்தையே வேண்டாத வெளிச்சம்னு நினைச்சு முழுங்கும். தலைகீழா மாட்டலாமேன்னு கேக்குறாங்க, தூரத்துல இருந்து வர்ற வெளிச்சம் அந்த மேட்டுக்கு வேண்டிய செங்குத்தான கோணத்துல விழாதுங்கறதால அதுவும் சரியா வராது. அல்ட்ரா ஷார்ட் த்ரோவையே சீலிங்ல தலைகீழா மாட்டுறவங்க ஸ்கிரீனையும் தலைகீழா மாட்டுவாங்க, ஆனா அப்ப அது கீழ இருந்து வர்ற வெளிச்சத்தத்தான் தடுக்கும், சீலிங் லைட்ட தடுக்காது.

பிள்ளைங்க தரையில பாய் போட்டு படுத்துக்கிட்டு பாப்பாங்க, மேல கீழ ஆங்கிள் பிரச்சனை வருமா?

வரும், ஆனா கொஞ்சம்தான். லெண்டிகுலர் இடது வலதுல தாராளமா இருந்தாலும் மேல கீழ அவ்வளவு தாராளம் இல்ல. பாய்ல இருக்குற பிள்ளைங்க ஸ்கிரீனுக்கு ரொம்ப கிட்ட படுத்தா மேல் ஓரம் மங்கலா தெரியும், ரெண்டு மீட்டர் தள்ளி படுக்கச் சொன்னா போதும். பின்னாடி சாப்பாட்டு மேசையில இருந்து பாக்குறவங்களுக்கு தூரம் இருக்குறதால பிரச்சனையே இல்ல. சீலிங்ல மாட்டுற வகையில ஒண்ணு பாத்துக்குங்க, மேல இருந்து வர்ற வெளிச்சம் கீழ நோக்கித்தான் திரும்பும், அதனால ஸ்கிரீன ரொம்ப மேல தூக்கி மாட்டாம, உக்காந்தா கண்ணு படத்தோட கீழ் மூணுல ஒரு பங்குக்கு நேரா வர்ற மாதிரி மாட்டுங்க.

சைட்ல இருந்து பாத்தா மூஞ்சி கலர் மாறுது, வெள்ளை எடத்துல மினுமினுன்னு வேற இருக்கு, எனக்கு மட்டுமா?

உங்களுக்கு மட்டும் இல்ல. வெளிச்சத்த திசை திருப்ப ஸ்கிரீன்ல போட்டிருக்குற பூச்சு எல்லா கலரையும் எல்லா கோணத்துலயும் ஒரே மாதிரி திருப்பாது, அதனால சில ஸ்கிரீன்ல ஓரத்துல இருந்து பாத்தா படம் லேசா நீலம் பக்கமோ மஞ்சள் பக்கமோ சாயும். நம்ம ஆளுங்க மூஞ்சி கலர்ல இது சீக்கிரமே தெரிஞ்சிரும்.

மினுமினுப்பு அந்த பூச்சுல இருக்குற துகளால வர்றது, பெரிய வெள்ளை எடம் நகரும்போது, பந்து மேட்ச்ல கேமரா ஓடும்போது கண்ண உறுத்தும். கெயின் கூடுன ஸ்கிரீன்ல அதிகம், கிட்ட உக்காந்தா அதிகம். மூணு கலர் லேசர் ப்ரொஜெக்டர்னா லேசரே ஒரு மணல் மாதிரி மினுமினுப்ப கொண்டு வரும், ரெண்டும் சேந்தா சில பேருக்கு தலைவலியே வரும். அதனால லேசர் வச்சிருக்குறவங்க சாம்பிள் பாக்காம ஸ்கிரீன் வாங்காதீங்க.

சைட்ல எப்படியும் பாதி வெளிச்சம்தான்னா, வெள்ளை ஸ்கிரீனே மேல் இல்லையா?

இருட்டு ஹால்னா ஆமா, யோசிக்கவே வேணாம். வெளிச்சம் இருக்குற ஹால்னா கணக்கு போட்டு பாக்கணும். ப்ரொஜெக்டர் நிஜமாவே 2000 லூமன்ஸ் (அது வெளிய விடுற மொத்த வெளிச்ச அளவு) குடுக்குதுன்னு வைங்க, 100 இஞ்ச் ஸ்கிரீன் 2.76 சதுர மீட்டர், அப்ப ஸ்கிரீன்ல 725 லக்ஸ் (ஒரு சதுர மீட்டர்ல விழுற வெளிச்ச அளவு) விழும். ஹால் வெளிச்சம் ஸ்கிரீன் மேல 100 லக்ஸ்னு வைங்க. வெள்ளை ஸ்கிரீன்ல வெள்ளை எடம் 825, கறுப்பு எடம் 100, எட்டு மடங்கு வித்தியாசம்தான், எங்க உக்காந்தாலும் அதே எட்டு. ஹால் வெளிச்சத்துல முக்கால்வாசிய ஒதுக்குற 1.0 கெயின் ஏஎல்ஆர்ல நடுவுல 750க்கு 25, முப்பது மடங்கு. ஓரத்துல படம் பாதியாயி ஹால் வெளிச்சம் அதே 25ன்னா பதினஞ்சு மடங்கு. பாதி வெளிச்சம்தான், ஆனாலும் வெள்ளை ஸ்கிரீன விட ரெண்டு மடங்கு நல்ல படம்.

ஆனா ஸ்லைடிங் டோர் கேள்வியில சொன்ன அந்த மோசமான ஓரம் ஞாபகம் இருக்கா, கதவு வெளிச்சம் நேரா திரும்பி வர்ற எடம். அங்க உக்காந்தவருக்கு ஹால் வெளிச்சம் ஒதுங்காம அதே 100 வருதுன்னா 462க்கு 100, அஞ்சு மடங்கு கூட இல்ல. வெள்ளை ஸ்கிரீன விட மோசம். ஒரே ஹால்ல, ஒரே ஸ்கிரீன்ல, ஒருத்தருக்கு முப்பது, இன்னொருத்தருக்கு அஞ்சு. இதனாலதான் நல்ல ஸ்கிரீனா கெட்ட ஸ்கிரீனான்னு பொதுவா கேட்டா என்னால பதில் சொல்ல முடியல, எந்த நாற்காலியில இருந்து கேக்குறீங்கன்னு சொல்லுங்க.

ப்ரொஜெக்டர கொஞ்சம் ஓரமா மாட்டுனா சைட் ஆளுக்கு நல்லா தெரியுமா?

சீலிங்ல மாட்டுற வகை ஏஎல்ஆர்ல தெரியும், இது நிறைய பேருக்கு தோணாத ஒண்ணு. சீட்டெல்லாம் வலது பக்கமே இருக்குன்னா ப்ரொஜெக்டர 3.3 மீட்டர் தூரத்துல 60 சென்டிமீட்டர் இடது பக்கம் நகர்த்துங்க, பளிச்சுன்னு தெரியுற திசை 10 டிகிரி வலது பக்கம் திரும்பிரும். ஆனா படத்த நேராக்க லென்ஸ் ஷிஃப்ட் (ப்ரொஜெக்டர அசைக்காம லென்ஸ மட்டும் நகர்த்தி படத்த தள்ளுற வசதி) இருக்கணும். கீஸ்டோன் (கோணலான படத்த ப்ரொஜெக்டருக்குள்ளயே இழுத்து சரி பண்றது) போட்டு நேராக்குனா படத்தோட துல்லியம் போகும், வெளிச்சமும் கொஞ்சம் வீணாப் போகும். இடது பக்கம் யாராவது வந்து உக்காந்தா அவங்களுக்கு முன்னத விட மோசமாயிரும்ங்கறதையும் பாத்துக்குங்க. அல்ட்ரா ஷார்ட் த்ரோவுல இந்த விளையாட்டே வேணாம், அது நடுவுலதான் இருக்கணும்.

சுவருக்கு ஏஎல்ஆர் பெயிண்ட் அடிச்சா காசு மிச்சம்தானே?

பெயிண்டுக்கு திசை தெரியாது. சாம்பல் பெயிண்ட் கறுப்ப கறுப்பா காட்டும், கூடவே வெள்ளையையும் மங்கலாக்கும், ஹால் வெளிச்சத்தையும் படத்தையும் ஒரே அளவுலதான் குறைக்கும். ஆங்கிள் மட்டும் நல்லா இருக்கும். காசு கம்மியா இருந்து ப்ரொஜெக்டர் பளிச்சுன்னு இருந்தா, ராத்திரி பாக்க தாராளமா அடிக்கலாம்.

வாங்குறதுக்கு முன்னாடி எப்படி டெஸ்ட் பண்றது?

ஏ4 சைஸ் சாம்பிள் கேளுங்க, நிறைய விற்பனையாளருங்க குடுப்பாங்க. சாம்பிள ஸ்கிரீன் வரப் போற எடத்துல நடுவுல மட்டும் ஒட்டிப் பாத்து முடிவு பண்ணிராதீங்க, அங்க எல்லாமே நல்லாத்தான் இருக்கும். உங்க வீட்டு மோசமான சீட்ல போய் உக்காந்துக்கிட்டு, அதுக்கு எதிர்ப்பக்க ஓரத்துல சாம்பிள ஒட்டச் சொல்லிப் பாருங்க. பக்கத்துல ஒரு சாதா வெள்ளைத் தாளும் ஒட்டுங்க. முழுக்க சாம்பல் கலர்ல ஒரு படம், பிறகு ஆளுங்க மூஞ்சி கிட்டத்துல வர்ற ஒரு சீன், பிறகு ஒரு ராத்திரி சீன். வெள்ளைத் தாள விட ராத்திரி சீன் அங்க நல்லா தெரியலன்னா அந்த சீட்டுக்கு அந்த ஸ்கிரீனால பிரயோஜனம் இல்ல.

நேரம் முக்கியம். சாயந்திரம் நாலு, அஞ்சு மணிக்கு, நீங்க வழக்கமா போடுற லைட்ட போட்டு, கர்ட்டன வழக்கமா எப்படி விடுவீங்களோ அப்படி விட்டு பாருங்க. போன்ல படம் எடுத்து ஒப்பிடுறதா இருந்தா எக்ஸ்போஷர லாக் பண்ணிட்டு எடுங்க, இல்லன்னா போனே ஒவ்வொரு படத்தையும் சரி பண்ணி உங்கள ஏமாத்திரும். பிளாஸ்டர் சீலிங்ல டவுன்லைட் வச்சிருக்கவங்க ஸ்கிரீனுக்கு முன்னாடி இருக்குற முதல் வரிசைய மட்டும் தனி சுவிட்சுக்கு மாத்தி அணைச்சுப் பாருங்க, சில வீட்ல அதுவே போதும், ஸ்கிரீனே மாத்த வேண்டியதில்ல.

அப்ப யாருக்குத்தான் ஏஎல்ஆர் வேணாம்ங்கறீங்க?

ராத்திரி மட்டும் பாக்குறவங்களுக்கு வேணாம். இங்க வருஷம் பூரா ஏழரை, எட்டு மணிக்கெல்லாம் இருட்டிரும், இங்கிலீஷ் லீக் பந்து முக்கால்வாசி அதுக்கு பிறகுதான் வரும், லைட்ட அணைச்சா வெள்ளை ஸ்கிரீன்ல எல்லா சீட்டுக்கும் ஒரே படம். பகல்ல பாக்குற விஷயம் என்னென்னன்னு எழுதிப் பாருங்க. ஜனவரியில புக்கிட் ஜாலில்ல நடக்குற மலேசியா ஓப்பன் பூப்பந்து, பத்துமலை தைப்பூச நேரடி ஒளிபரப்பு, ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரு படம். இது மட்டும்தான்னா நல்ல பிளாக்அவுட் கர்ட்டன் போடுற செலவு ஏஎல்ஆர்ல ஒரு சின்ன பங்குதான் வரும், ஆங்கிளும் கெடாது. வீட்ல பெரியவங்க இருக்காங்க, பகல் முழுக்க ஓடும், கர்ட்டன மூடி ஹால இருட்டா வைக்க அவங்களுக்கு பிடிக்காதுன்னா, அப்ப ஏஎல்ஆர் வாங்குங்க, சீட்ட மேல சொன்ன மாதிரி மாத்திப் போட்டுட்டு வாங்குங்க.

தீபாவளி ஓப்பன் ஹவுஸ்ல சொந்தக்காரங்க ஹால் பூரா உக்காருவாங்க, அன்னிக்கு மட்டும் என்ன பண்றது? ஏஎல்ஆருக்கு முன்னாடி ஒரு வெள்ளை ஸ்கிரீன எறக்கிக்கலாமா?

சீலிங்ல மாட்டுன ப்ரொஜெக்டர்னா நல்ல யோசனை, செய்றவங்க இருக்காங்க. ஏஎல்ஆர் சுவர்ல நிலையா இருக்கும், அதுக்கு பத்து சென்டிமீட்டர் முன்னாடி சுருட்டி எறக்குற சாதா வெள்ளை ஸ்கிரீன். 3.3 மீட்டர் தூரத்துல பத்து சென்டிமீட்டர்ங்கறது படத்த ஏழு சென்டிமீட்டர் மாதிரிதான் சின்னதாக்கும், ஜூம கொஞ்சம் திருப்பி ஃபோக்கஸ் வச்சா முடிஞ்சது. வெள்ளை ஸ்கிரீன்ங்கறதால அன்னிக்கு ஸ்கிரீன் பக்கத்து லைட்ட மட்டும் அணைச்சு வைங்க.

அல்ட்ரா ஷார்ட் த்ரோவுல இது நடக்காது. அது சுவருல இருந்து அரை மீட்டர்தான் தள்ளி இருக்கு, பத்து சென்டிமீட்டர் முன்னாடி வந்தாலே 2.2 மீட்டர் படம் 1.8க்கு சுருங்கிரும், எடமும் கீழ எறங்கிரும், சுருட்டுற துணியில இருக்குற சின்ன அலை கூட படத்துல பெரிய வளைவா தெரியும். அந்த வீட்ல முதல்லயே லெண்டிகுலர் வாங்கிருங்க.